இருநூற்றுப் பதினேழாவது கை

கூத்தன்சாவடி அரசு உயர்நிலைப் பள்ளியில் உறுதிமொழி எடுப்பதற்காக வலது கையை நீட்டிய இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளும் அந்தக் கையை இறக்க முடியாமல் வீட்டுக்குப் போனார்கள் என்பதும், முந்தைய நாள் மழையில் விளையாட்டுத் திடல் சேறாகிக் கிடந்ததால் சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சிமெண்டுத் தரையில்தான் அன்று எல்லோரையும் நிற்க வைத்தார்கள் என்பதும், அந்த உறுதிமொழியை வாசித்தவன் நான்தான் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும்.

ஊழல் ஒழிப்பு வாரம் வரும்போதெல்லாம் தலைமையாசிரியை ஜெசிந்தா என்னைத்தான் கூப்பிடுவார். நாற்பது வருடம் சாலை மறியலிலும் உண்ணாவிரதத்திலும் துண்டறிக்கையிலும் கழித்தவன், நான்கு முறை சிறை போனவன், இன்னும் ஓட்டு வீட்டில் இருப்பவன் என்று பிள்ளைகளிடம் காட்ட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை என்று அவர் சொல்வார், நானும் மறுத்ததில்லை. அரசு அனுப்பும் உறுதிமொழி எனக்குப் பிடிப்பதில்லை. ஊறவைத்த அவல் மாதிரி பல்லில் படாமல் இறங்கிவிடும். அறிக்கை என்றால் கடைசி வரி கடிக்க வேண்டும் என்று, நான் கல்வி கற்ற ஒரே இடமான தொழிற்சங்கத்து அச்சுக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த வருடம் கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். ‘என் வாழ்க்கையைத் தொட்ட அநீதி எதுவென்று எனக்குத் தெரியும்வரை, நீட்டிய இந்தக் கையை இறக்க மாட்டேன்.’

பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்தார்கள். “கைகளை இறக்கலாம்” என்று ஜெசிந்தா சொன்னதும் ஆசிரியர்களின் கைகள் இறங்கின. பிள்ளைகளின் கைகள், தோள் உயரத்தில், உள்ளங்கை தரையைப் பார்க்க, அப்படியே நின்றன. உடற்கல்வி ஆசிரியர் மூன்று முறை விசில் ஊதிவிட்டு, நான்காம் முறை ஊதாமல் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊர் முதல் இரண்டு நாள் திட்டியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. வலது கையால் சாப்பிட முடியாத பிள்ளைகள் இடது கையால் சாப்பிட்டபோது, இடது கையா என்று அதட்டிய பெரியவர்கள் அடுத்த வேளைக்கு வாயை மூடிக்கொண்டு தட்டை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். தையல்காரர் உசேன் இருநூற்றுப் பதினேழு சட்டைகளின் வலது தோளைப் பிரித்து, மாட்டிக் கழற்றுவதற்குப் பித்தான் வைத்துக் கொடுத்தார். டவுன் பஸ் கண்டக்டர் பிள்ளைகளை எல்லாம் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, கைகளை வெளியே விடச் சொன்னதால், எதிரே வந்த லாரிகள் எல்லாம் இந்தப் பஸ் வாழ்நாள் முழுக்க வலதுபுறம் திரும்பப்போகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றன. அம்மாக்கள் ஈரத் துண்டைக் கொடியில் போடும் முன் பிள்ளை கையில் போட்டார்கள். கோயிலில் பூசாரி விபூதியைக் கையில் கொடுக்காமல் நேரே நெற்றியில் இட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஒவ்வொரு கையையும் தட்டிப் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, ‘கை நலமாக உள்ளது’ என்று சீட்டு எழுதினார். மாவட்டக் கல்வி அலுவலகம், இறங்காத கைகள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, கை எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று மூன்று பிரதிகளில் அறிக்கை கேட்டது. கணக்கு வாத்தியார் பாகைமானியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அளந்தார்.

நான் சேர்த்த வரியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. உறுதிமொழியை யார் கேட்கிறார்கள்?

முதல் கை எட்டாம் நாள் இறங்கியது. பால் சங்கத்தில் பாலின் கொழுப்பை அளந்து எழுதும் பொன்னுரங்கத்தின் மகன், சாப்பாட்டின்போது இடது கையால் ரசத்தைக் கொட்டிவிட, மனுஷன் எரிச்சலில் கத்தியிருக்கிறார். “எத்தனை வாட்டிடா கொட்டுவே? காலனிக்காரங்க பாலுக்குக் கொழுப்பைக் கொறைச்சு எழுதி எழுதித்தான்டா உன்னையும் உங்க அக்காளையும் ஆளாக்கினேன், தெரியுமா உனக்கு?” அவர் வாய் மூடும் முன் பையனின் வலது கை ரசத்துக்குள் தொப்பென்று விழுந்தது. பையன் கையைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான், பிறகு எட்டு நாளுக்குப் பின் வலது கையால் ஒரு கவளம் அள்ளிச் சாப்பிட்டான்.

அதன்பின் கூத்தன்சாவடியில் மாலை ஐந்து மணியானால் அப்பாக்கள் பிள்ளைகளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போவது வழக்கமாயிற்று. “வாடா, ஒண்ணு சொல்லணும்” என்பார்கள். வாழை மரத்துப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கேட்கும். பிறகு பிள்ளை இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வரும். சிலர் சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைக்கப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கை இடுப்பு வரை இறங்கி நின்றுவிட்டது. “அப்பா, இன்னும் இருக்குப்பா” என்று பிள்ளைகள் பொறுமையாகச் சொன்னார்கள். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் இடைத்தரகர் காத்தவராயன், சொந்த வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காகத் தானே வீடு தேடி வந்து எடுத்துச் சொல்வதாக அறிவித்தார். அவர் போய்ச் சொன்ன மூன்று வீடுகளிலும் பிள்ளைகளின் கை தலைக்கு மேலே ஏறிவிட்டது. “என்னங்க இது, பதிவு பண்ண வந்தா இருக்கிற சொத்தும் போகுது” என்று ஜனங்கள் அவரைத் துரத்திவிட்டார்கள்.

மார்கழி பிறப்பதற்குள் கைகள் அநேகமாக எல்லாம் இறங்கிவிட்டன. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். நாற்பது வருடத்தில் என் அறிக்கை ஒன்று வேலை செய்தது இதுதான் முதல் முறை. ஆனால் சொல்லி முடித்த ஊர், வயிறு கழிந்தவன் மாதிரி லேசாகி, மறுநாள் காலை பழைய வேலைக்கே போனது. பொன்னுரங்கம் அதே பேனாவால் அதே கொழுப்பைக் குறைத்து எழுதினார். காத்தவராயன் அதே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். பிள்ளைகள் எல்லாம் தெரிந்த கண்களோடு பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். இதற்காகவா என்று நான் டீக்கடையில் காறித் துப்பிப் பேசினேன். பேசுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாக நினைத்தேன். என் மகள் விடுதலைச்செல்வியின் மகள் ஆறாவது படிக்கிறாள். அவள் கை பத்தாம் நாளே இறங்கியிருந்தது. சுத்தமான வீடு, சொல்ல ஒன்றுமில்லாததால் தானாக இறங்கிவிட்டது என்று ஊரும் சொன்னது, நானும் சொன்னேன்.

ஒரே ஒரு கை இறங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு கோகிலவாணியின் கை.

அவள் அம்மா தவமணி செங்கல் சூளையில் கல் சுமப்பவள். புருஷன் இல்லை. பதின்மூன்று வருடங்களுக்கு முன், பஞ்சாயத்தில் கூலியில்லாமல் தெருவிளக்கு மாட்டச் சொல்லிக் கம்பத்தில் ஏற்றிவிட்டதில் மின்சாரம் அடித்துச் செத்தான். அப்போது கோகிலவாணிக்கு ஒரு வயது. தவமணி மகளை எதிரே உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த எல்லாத் தப்பையும் சொன்னாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போனது, மேஸ்திரி தோப்பில் இரண்டு தேங்காய் பொறுக்கியது, சூளையில் சேர வயதைக் கூட்டிச் சொன்னது. கை அசையவில்லை. செய்யாததையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

ஊர் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடியில் பொன்னுரங்கத்தின் பெண்டாட்டியே கேட்டாள். “என்னத்தடி வயித்துக்குள்ள பொதைச்சு வச்சிருக்கே? எங்க வீட்டுக்காரரு சொல்லலையா, மானமா போச்சு? பொட்டப் புள்ள வாழ்க்கைடி, சொல்லித் தொலை.” இருநூற்றுப் பதினாறு வீட்டின் அழுக்கும் கொட்டிக் கழுவியாயிற்று என்பதால், மிஞ்சிய ஒரு வீட்டில்தான் ஊரிலேயே பெரிய திருட்டு இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சூளையில் தவமணி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் தூக்கை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கை கனக்க ஆரம்பித்தது. கவட்டைக் கம்பு ஒன்றை நட்டு, அதன்மேல் துணி சுற்றி, கையை அதில் தாங்கவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்து படித்தாள். தை மாத மூன்றாவது சனிக்கிழமை அவளுக்கு அரசு உதவித்தொகைத் தேர்வு. தேறினால் பட்டணத்து விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படிக்கலாம். தேறாவிட்டால் பத்தாவதோடு சூளைதான். விடைத்தாளில் வட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும். இடது கையால் நிரப்பிப் பழகினாள். வட்டம் நிறைவதற்குள் பேனா வெளியே ஓடியது.

மார்கழி கடைசியில் தவமணி என் வீட்டுக்கு வந்தாள்.

“தோழர், எனக்காக ஒம்போது நாள் பச்சத்தண்ணி குடிச்சுக் கெடந்தவரு நீங்க. ஊரு வாயை அடைக்க நீங்கதான் ஒரு நோட்டீசு போடணும். இந்த வீட்டுல தப்பில்லன்னு நீங்க சொன்னா கேப்பாங்க.”

ஒன்பது நாள் உண்மை. புருஷன் செத்தவளுக்கு அங்கன்வாடி உதவியாளர் வேலை கொடு என்று பேருந்து நிலையத்தின் முன்னால் பந்தல் போட்டுப் படுத்தேன். நான் எழுதிய துண்டறிக்கையைப் படித்துப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தவமணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். ஒன்பதாம் நாள் நண்பகலில் அதிகாரி ஒருவர் வந்து, பந்தலுக்குப் பின்னால் என்னை மட்டும் கூப்பிட்டு, “தோழரே, உங்க பொண்ணு பன்னெண்டாவது முடிச்சுட்டுச் சும்மாதானே இருக்கு?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முன்னால் வந்து அவர் கையால் எலுமிச்சைச் சாற்றை வாங்கிக் குடித்தேன். கோரிக்கையைப் பரிசீலிப்பதாக அரசு வாக்களித்துவிட்டது, போராட்டம் வெற்றி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தவமணி தட்டியது எனக்குத் தனியாகக் கேட்டது. இரண்டு மாதத்தில் வேலை விடுதலைச்செல்விக்கு வந்தது. “உங்களையே ஏமாத்திட்டானுங்களே தோழர்” என்று தவமணி எனக்காக அழுதாள். இதைப் பதின்மூன்று வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்பது பொய், தினமும் சொல்லிக்கொண்டேன்.

நோட்டீஸ் போட்டேன். தவமணி வீடு குற்றமற்றது என்று தொடங்கி, என்னால் முடிந்த அளவுக்கு உண்மையையும் அதிலேயே எழுதினேன். ‘வரலாற்றின் நெருக்கடியான கட்டங்களில், இயக்கங்கள் சில தவிர்க்க இயலாத சமரசங்களுக்கு ஆட்பட நேர்ந்ததன் விளைவாக, உழைக்கும் பெண்களின் நியாயமான உரிமைகள் பறிபோயின என்பதை இவ்வறிக்கை வருத்தத்துடன் பதிவு செய்கிறது.’ ஆயிரம் பிரதி. அச்சு ஈரம் காயும் முன் முதல் பிரதியைக் கோகிலவாணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இடது கையில் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தாள். நான் அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்துவிட்டு, “தாத்தா, யாரு சமரசம் பண்ணினது?” என்று கேட்டாள்.

“காலம்மா. அந்தக் காலம் அப்படி.”

“காலமா?” என்று காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே ஏதாவது பெயர் இருக்கும் என்பதுபோல. கை இம்மியும் அசையவில்லை. தவமணி மட்டும் நோட்டீஸை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே மகளிடம் போனேன். விடுதலைச்செல்வி அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு வாங்கிய முட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்து ஆரம்பித்ததும், முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்ப்பா. ஆர்டர் வாங்கப் போன அன்னிக்கே தெரியும். அந்த ஆளு சிரிச்ச சிரிப்பு அப்படி.”

“பதிமூணு வருஷமா?”

“உங்க பேத்தி கை எப்படி எறங்குச்சுன்னு நெனைச்சீங்க? சுத்தமான வீடுன்னா?” முட்டையைத் தட்டில் வைத்தாள். “நான்தான் சொன்னேன். கேட்டுட்டு, தாத்தாகிட்ட சொல்லாதம்மா, பாவம்னு சொல்லுச்சு.”

பதினோரு வயதுக் குழந்தை. மேடையில் என்னைப் பார்த்துக் கை தட்டும் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருகிற குழந்தை.

“இப்பச் சொன்னா வேலை போயிடும்ப்பா. ரெண்டு புள்ளைங்க எனக்கு. சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. சொல்லுங்கன்னும் என்னால சொல்ல முடியல.”

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நாளை என்றிருந்தேன். பொங்கல் முடியட்டும் என்றேன். தவமணி சூளைக்குப் போயிருப்பாள் என்றேன். போலீஸ் தடிக்கும் சிறைச்சாலைக்கும் அஞ்சாதவன், தகரக் கதவு போட்ட ஒரு வீட்டுக்குப் போக இருபது நாள் செருப்பை மாட்டிக் கழற்றினேன். தேர்வுக்கு முதல்நாள் மாலை அவர்கள் தெருமுனை வரை போய், பரீட்சை நேரத்தில் பிள்ளை மனதைக் கலைக்கக் கூடாது என்று ஒரு காரணம் கிடைத்ததும், அது எவ்வளவு நல்ல காரணம் என்று நினைத்தபடியே திரும்பி வந்தேன்.

மறுநாள் தேர்வு எழுதிவிட்டு அவள் நான்கு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் பேருந்து நிலையத்தில்தான் இருந்தேன். கண்டக்டர் அவள் கையைக் கதவில் இடிக்காமல் பிடித்துப் பக்குவமாக இறக்கிவிட்டார். முகமெல்லாம் மை. சட்டையெல்லாம் மை.

“எப்படிம்மா எழுதினே?”

“நாப்பத்தோரு கேள்வி விட்டுப்போச்சு தாத்தா. எல்லாம் தெரிஞ்ச கேள்வி. இடது கை ஓடல.” சிரிக்கப் பார்த்தாள். “பரவால்ல. சூளையில கல்லு தூக்க ஒரு கை நீட்டினாப்ல இருந்தா நல்லதுதான், அடுக்கி வச்சுக்கலாம்.”

நான் அவள் பின்னாலேயே நடந்தேன். எனக்கு முன்னால் அந்தக் கை போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் தவமணி செம்மண் படிந்த கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். “வாங்க தோழர்” என்று ஈரக் கையோடு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. எத்தனை ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு முதல் வார்த்தை வரவில்லை. வந்தபோது அதில் ஒரு நல்ல சொல்கூட இல்லை.

“கோகிலா, உங்கம்மாவுக்கு வர வேண்டிய வேலையை நான்தான் வித்தேன். என்னை யாரும் ஏமாத்தல. எம்பொண்ணுக்குத் தர்றேன்னு சொன்னான், நான் ஜூஸைக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். உங்கம்மா கல்லு தூக்குறது என்னாலதான்.”

கை இறங்கியது. விழவில்லை, நெடுநேரம் தூக்கிப் பிடித்த குடத்தை இறக்கி வைப்பதுபோல மெதுவாக இறங்கித் தொடையோடு ஒட்டி நின்றது. கோகிலவாணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நேத்து எங்க தெருமுனை வரைக்கும் வந்தீங்கல்ல?”

“ஆமாம்மா.”

“பார்த்தேன். ஏன் திரும்பிப் போறாருன்னு நெனைச்சேன்.” மடக்கிய விரல்களை மறுபடி விரித்தாள். “நேத்துச் சொல்லியிருந்தா வலது கையில எழுதியிருப்பேன் தாத்தா.”

தவமணி உள்ளே போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, மகளின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீவிவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக, முகத்தைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். அவள் நீவிக்கொண்டே இருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

“தவமணி, மேலதிகாரிக்கு ஒரு மனு போடுவோம். பரீட்சைக்கும் மறுபடி எழுத அனுமதி கேட்டு நானே எழுதித் தர்றேன். இந்தத் தடவை...”

“மனுவா?” அவள் நிமிர்ந்தாள். “நீங்க எழுதியா?” எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். “எழுத வேண்டியதை நாங்களே பள்ளிக்கூடத்துல கேட்டு எழுதிக்கிறோம். பொழுது போகுது, நீங்க கெளம்புங்க பெரியவரே.”

முப்பத்தைந்து வருடமாக, பிள்ளைகளைத் தவிர, இந்த ஊரில் யாரும் என்னைத் தோழர் என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

கிளம்பியிருக்க வேண்டும். அங்கேயே நின்றேன். கோகிலவாணி புத்தகப் பையிலிருந்து கசங்கிய கேள்வித்தாளை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து, மடிமேல் விரித்து, வலது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். முதலில் விரல் நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது. விட்டுப்போன கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, சரியான விடைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வட்டம் போட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி மை போகாமல் நிரப்பிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றில்கூடத் தயங்கவில்லை. மேற்கே சூரியன் சூளைப் புகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, என் நிழல் நீண்டு காகிதத்தின் மேல் கிடந்தது.

“கொஞ்சம் நகருங்க தாத்தா” என்றாள், தலை நிமிராமல். “எழுத்து தெரியல.”